ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்

ஐரோப்பாவில் போதன்சே என்று ஓர் ஏரி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் பொது. அதைச் சுற்றி 260 கிலோமீட்டருக்குக் குறையாத சைக்கிள் பாதை. ஜப்பானில் பிவா ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 200 கிலோமீட்டர். யாரும் வழி தவறிவிடக் கூடாதென்று சாலையிலேயே நீல நிறத்தில் அம்பு போட்டிருக்கிறார்கள். டான்யூப் நதிக்கரையில் பாஸாவிலிருந்து வியன்னா வரைக்கும் குடும்பம் குடும்பமாக மிதிக்கிறார்கள். வழிகாட்டி கிடையாது. பையில் ரொட்டி, பாக்கெட்டில் வரைபடம். தோன்றிய இடத்தில் நிற்கலாம், தோன்றிய இடத்தில் கால் நனைக்கலாம், ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லை.

இதையெல்லாம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பிய வீடியோக்களில்தான் பார்த்தேன். அவன் அனுப்பியது ஏரிகளுக்காக அல்ல, என் தொப்பைக்காக. ஆனால் என் மனத்தில் தங்கியது அந்தக் கடைசி விஷயம்: கேட்க ஆளில்லை. கல்யாணமாகி ஒரு பிள்ளையை ஆளாக்கி, வீட்டுக்கடனும் கட்டி முடித்த மனிதனுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் வழிகாட்டாமல் இருக்கக் கூடாதா?

சிதம்பரத்தில் குடியிருப்பவனுக்குப் போதன்சே எதற்கு? பக்கத்திலேயே வீராணம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. 907-லிருந்து 955 வரை ஆண்டவன். வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டம், ஏரிக்கும் அதுவே பெயராயிற்று. வடக்கேயிருந்து இராஷ்டிரகூடர் படை எந்த நேரமும் வரலாம் என்று அவன் மகன் இராஜாதித்தன் இந்தப் பக்கம் பெருஞ்சேனையோடு காத்திருந்தான், சும்மா உட்கார்ந்திருந்த வீரர்களை வைத்து ஏரியை வெட்டினான் என்று ஒரு கதை வழங்குகிறது. என் மனைவிக்கு மிகவும் பிடித்த சரித்திரக் கதை இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளை என்ன செய்ய வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறதே என்பாள்.

திட்டம் என்னுடையது. சேத்தியாத்தோப்பில் ஆரம்பித்து ஏரியின் கிழக்குக் கரையோடு தெற்கே லால்பேட்டை வரை, அப்படியே காட்டுமன்னார்கோயில், மத்தியானச் சோறு, பிறகு வடவாற்றுக் கரையோடு கொள்ளிடத்துக் கீழணை. ஏரியும் உண்டு, ஆறும் உண்டு. மொத்தம் 40 கிலோமீட்டர் சொச்சம். போதன்சே ஆசாமிகள் காலைப் பலகாரத்துக்கு முன்னால் முடிக்கும் தூரம். தண்ணீர் வரும் வழி இது. மேட்டூரில் திறப்பது கல்லணையில் திரும்பி, கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. நான் அதற்கு எதிர்த்திசையில் போகிறேன். இதில் ஏதோ தத்துவம் இருப்பதாக அப்போது எனக்குப் பட்டது. ஆவணி மாதத்தில் மேல்காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பது மட்டும் படவில்லை.

வாகனம், மகன் பெங்களூருக்குப் போகும்போது வராந்தாவில் விட்டுப் போனது. இருபத்தொரு கியர். என் முதல் சைக்கிளில் கியர் கிடையாது, ஆனால் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, பெல், டைனமோ எல்லாம் இருந்தன. இதில் கியரைத் தவிர எதுவும் இல்லை. ஸ்டாண்டு இல்லாததால் இறங்கியதும் ஒரு சுவரைத் தேட வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதற்கு ஒரு ஸ்டாண்டு தரக்கூடாதா என்று மகனிடம் கேட்டேன். எடை கூடிவிடும் என்றான். யாருடைய எடையைக் கணக்கில் வைத்துச் சொன்னான் என்று நான் விசாரிக்கவில்லை.

முந்தின நாள் ராத்திரி முதல் வழிகாட்டல் தொடங்கியது. உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான அரைக்கால் சட்டை ஒன்றை மகன் கூரியரில் அனுப்பியிருந்தான். மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு நீங்க தெருவுல போனா நான் எதிர்வீட்டு மாமி மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள். தள்ளுபடி. பழைய பேன்ட்டே போதும், சங்கிலியில் மாட்டாமலிருக்க வலது காலில் ஒரு ரப்பர் பேண்டு. தலைக்கு மஞ்சள் ஹெல்மெட், உடம்புக்குத் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும் பச்சை மேலங்கி. இவை இரண்டும் மகனின் கண்டிப்பான உத்தரவு. கழுத்தில் கயிறு கட்டி செல்போன். நின்ற இடம், கடந்த தூரம் எல்லாம் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம், சட்டைப் பையில் பேனா. இந்த வேஷத்தின் முழு அர்த்தம் மத்தியானத்துக்குமேல்தான் விளங்கப் போகிறது.

கீழணையிலிருந்து திரும்பப் பஸ் பிடிப்பதா என்ற பேச்சு வந்தபோது, "அணைக்கரைலதான் என் தம்பி இருக்கான்ல, அவன் வண்டில ஏத்திக்கிட்டு வருவான்" என்று மனைவி முடித்துவிட்டாள். ஆக, யாரும் வழிகாட்டாத பயணத்தின் முடிவில் என் மைத்துனன் நிற்கிறான்.

சேத்தியாத்தோப்பு வரைக்கும் சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டுநருக்கு என்மேல் மிகுந்த இரக்கம். "சைக்கிள வண்டில ஏத்திக் கொண்டுபோய் எறக்கி, அங்கேருந்து ஓட்டப் போறீங்களா சார்?" என்று புவனகிரி தாண்டுவதற்குள் மூன்று விதமாகக் கேட்டார். இறக்கிவிட்டபோது வாடகையில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்திருக்க வேண்டும்.

சேத்தியாத்தோப்பு டீக்கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு. வயலுக்குப் போவார்கள், பால் ஊற்றப் போவார்கள், பள்ளிக்கூடம் போவார்கள். எங்கேயும் போகாமல் ஓட்டுகிறவன் இல்லை.

"எது வரைக்கும் சார்?"

"அணைக்கரை."

"அங்க யாரு?"

மைத்துனன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "சும்மா" என்றேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு கடையில் நிலவிய மௌனத்தை டீ ஆற்றுகிறவர்தான் கலைத்தார்: "சும்மா போறதுக்கா இந்த வேகாத வெயில்ல?" வெயில் இன்னும் வரவேயில்லை. ஆனாலும் ஆளாளுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள். கரைமேலேயே போங்க. கரைமேல போகாதீங்க, லாரி வரும். நேரா போங்க, எங்கேயும் திரும்பாதீங்க. இடப்பக்கம் வயல், வலப்பக்கம் ஏரி. மனுஷன் திரும்புவதற்கு அங்கே இடமே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கரையின் நீளத்தை ஒரு புத்தகம் 14 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 16 என்கிறது. என் தொடைகள் சொன்ன கணக்கு இரண்டுக்கும் ஒத்து வரவில்லை. ஆனாலும் அந்தக் காலை வேளையைக் குறை சொல்ல மனம் வராது. ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. முழுக் கொள்ளளவு 47.5 அடி, 1,465 மில்லியன் கன அடி. சுமார் 45,000 ஏக்கருக்குப் பாய வேண்டும், அது போகச் சென்னைக்குக் குடிக்கவும் கொடுக்க வேண்டும். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கிளைகளில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. நத்தைக்குத்தி நாரை ஒன்று என்னை ஏறிட்டுப் பார்த்தது. அது மட்டும்தான் எது வரைக்கும் என்று கேட்கவில்லை.

இதே கரையில் இதற்கு முன்னால் சவாரி செய்த பிரபலம் ஒருவர் உண்டு. 1950-இல் தொடராக வரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி முதல் காட்சியிலேயே வந்தியத்தேவனை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று இங்கேதான் குதிரையில் வரவிடுகிறார். அவன் கரையில் கூட்டத்தைப் பார்க்கிறான், தண்ணீர் பாயும் கணவாய்களை எண்ணுகிறான், வருங்காலத்தைப் பற்றிக் கற்பனை செய்கிறான். எண்ணமாட்டானா பின்னே? மிதித்தது குதிரை. நானும் மதகுகளை எண்ணத்தான் ஆரம்பித்தேன். மேல்காற்று ஏரி அகலம் முழுவதும் தடையில்லாமல் ஓடிவந்து என்னை விலாவில் அறைய, ஒவ்வோர் அறைக்கும் சைக்கிள் வயல் பக்கமாக ஒதுங்க, எண்ணிக்கை கையைவிட்டுப் போயிற்று. கரைக்குக் கீழே வயல் நல்ல ஆழத்தில் இருக்கிறது. வந்தியத்தேவனுக்குக் கடம்பூர் மாளிகையில் சதி காத்திருந்தது. அவன் அதிர்ஷ்டசாலி, எதிரே மணல் லாரி வரவில்லை.

நடுவே போன் அடித்தது. "எங்க இருக்கீங்க?"

"ஏரிக்கரைல."

"காது அடைக்கிற மாதிரி காத்து சத்தம் கேக்குது. மப்ளர் எடுத்துக்கிட்டுப் போனீங்களா?"

பத்து நிமிஷம் கழித்துப் பெங்களூர். என் கைபேசி இருக்கும் இடம் அவனுடைய கைபேசியில் நீலப் புள்ளியாகத் தெரிகிறதாம். "ஏன்ப்பா ரொம்ப நேரமா நகராம இருக்க?" என்றான். நான் முழுமூச்சாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு இங்கிருந்து குழாய் போகிறதே, சுமார் 235 கிலோமீட்டர், அதற்குப் பெரிய முன்கதை உண்டு. பழைய வீராணம் திட்டத்துக்காகச் செய்த ராட்சதக் கான்கிரீட் குழாய்கள், திட்டம் நின்றுபோனதால் பல வருஷங்கள் சாலையோரமாகவே கிடந்தன. ஆள் நிமிர்ந்து நடக்கலாம் போன்ற குழாய்கள். வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் சமைத்தன, தொட்டில் கட்டின. புதிய திட்டம் முடிந்து தண்ணீர் சென்னையை எட்டியது 2004-இல்தான். நாம் ஒரு சைக்கிளை வராந்தாவில் இத்தனை காலம் போட்டுவைத்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று இதை நினைத்து நான் தேற்றிக்கொண்டேன்.

லால்பேட்டையில் எலுமிச்சை சோடா. அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் கூப்பிடு தூரம். நாதமுனிகளும் அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர். வழிப்போக்கர்கள் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டுவிட்டு, மீதி எங்கே என்று தேடிக்கொண்டு நாதமுனிகள் குருகூர் வரைக்கும் போனார் என்பது வைணவ மரபு. அவருக்கும் நீலப் புள்ளி கிடையாது. வீரநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கும் போய்விட்டேன். சைக்கிளைச் சாய்க்கச் சுவர் தேடிக் கோயில் கோயிலாகப் போனதாகவும் சொல்லலாம்.

அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருப்பது முதலாம் இராஜராஜனின் பிரசித்தமான கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்து விற்கச் சொல்லும் ஓலை. அதோடு விடவில்லை, அவர்களுடைய தம்பிகள், பிள்ளைகள், பெண் கொடுத்த மாமன்மார், கூடப்பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் வரைக்கும் பட்டியல் நீள்கிறது. அதாவது மைத்துனன் செய்த காரியத்துக்கு அக்காள் புருஷன் நிலம் போயிற்று. அணைக்கரையில் இருக்கும் என் மைத்துனன் மனை வாங்கி விற்கும் தொழில் செய்கிறான். அந்தச் சுவர் முன்னால் நான் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றேன்.

ஒரு புளியமரத்தடியில் தயிர்ச்சாதம். மனைவி வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய், இன்னொரு பொட்டலத்தில் மப்ளர். சாப்பிட்டதும் கண் சொக்கியது. ஐரோப்பியர் இந்த இடத்தில் தயிர்ச்சாதம் சாப்பிடுவதில்லை. மறுபடி ஏறி உட்கார முடிகிற ரகசியம் அதுதான் போலிருக்கிறது. என்னால் ஏறத்தான் முடிந்தது, உட்கார முடியவில்லை. மெத்தை வைத்த அரைக்கால் சட்டை எதற்காகத் தைக்கப்பட்டது என்று புரிந்தது. எதிர்வீட்டு மாமியின் அபிப்பிராயத்துக்கு என் உடம்பில் ஒரு பகுதி விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

வடவாறு அழகான ஆறு. அகலம் அதிகமில்லை, வாய்க்காலுக்கு அண்ணன் என்று சொல்லலாம். இரு கரையிலும் மரம், கீழே நாற்றங்கால், பம்புசெட்டுக் கொட்டகை. கீழணை வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கத் தென்மேற்கு. காற்று முழுக்க அங்கிருந்து இங்கே. மிதித்தால் நகர்கிறேன், மிதிப்பதை விட்டால் காட்டுமன்னார்கோயிலை நோக்கி நகர்கிறேன். இருபத்தொரு கியரில் மிகச் சிறியதைப் போட்டுச் சென்றபோது, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா என்னைக் கடந்து போனார். திரும்பிப் பார்த்து, "எறங்கித் தள்ளிக்கிட்டு வாய்யா, சீக்கிரம் போயிடலாம்" என்றார். அன்றைய வழிகாட்டல்களில் மிகவும் துல்லியமானது அது.

இறங்கித் தள்ளும்போதுதான் பின்சக்கரம் பேச்சை நிறுத்தியது. சீமைக்கருவேல முள், ஒரு விரல் நீளம். பக்கத்தில் ஒரு கிளை வாய்க்கால் தலைப்பு, ஷட்டர், சிமெண்டுக் கட்டை. சைக்கிளை அதில் சாய்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தேன். பிறகு ஏதாவது எழுதினால் மனம் ஆறும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மஞ்சள் ஹெல்மெட், பச்சை மேலங்கி, கழுத்தில் கயிறு, கையில் நோட்டு. ஷட்டரடியில் குந்தி உட்கார்ந்து ஒருவர் எழுதுகிறார்.

முதலில் ஒருவர் வந்தார், தோளில் மண்வெட்டி. பிறகு நால்வர். பிறகு பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கூட்டமே.

"ஞாயித்துக்கிழமயும் வந்து பாக்குறாரு பாருய்யா" என்று ஒரு குரல்.

"ஐயா, நான் அதிகாரி இல்லீங்க. சும்மா சைக்கிள்ல வந்தேன்" என்றேன், தெளிவாக, எழுந்து நின்று.

பெரியவர் ஒருவர் புன்னகைத்தார். "ஜீப்புல வந்தா தகவல் முன்னாடியே போயிடும்னு சைக்கிள்ல வந்திருக்காரு. மஃப்டி. இல்லன்னுதான் சொல்லுவாரு. சொல்லித்தான் ஆவணும்."

மறுக்க மறுக்க என் பதவி உயர்ந்தது. இரண்டாம் முறை மறுத்தபோது உதவிப் பொறியாளர் என்றிருந்தவன் செயற்பொறியாளர் ஆகிவிட்டேன். மூன்றாம் முறை மறுத்திருந்தால் சென்னைக்கு மாற்றல் ஆகியிருப்பேன். அதற்குள் ஒருவர் இளநீர் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வெயிலில், அந்தக் காற்றில், இளநீருக்கு எதிராக உண்மை பேசும் திராணி எனக்கு இல்லை.

குடித்துக்கொண்டே கேட்டேன். ஷட்டர் துருப்பிடித்துப் பாதிக்குமேல் ஏறவில்லை. ஆகாயத்தாமரை தண்டு தண்டாக வந்து வாயில் அடைக்கிறது. தலைமடையில் தண்ணீர் ததும்பும்போது கடைமடையில் நாற்று காய்கிறது. எங்கள் வீட்டு மாடியிலும் தண்ணீர் ஏறாத குழாய் ஒன்று உண்டு என்பதால், அனுபவஸ்தன் என்ற முறையில் தலையை ஆட்டினேன். ஷட்டரின் திருகை இரண்டு பேர் சுற்றிக் காட்டினார்கள். "நீங்களே புடிச்சுப் பாருங்க சார்." பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. "பாத்தீங்களா!" என்று கூட்டம் ஆரவாரித்தது. என் புஜபலம் ஒரு விஷயத்துக்குச் சாட்சியாக நின்றது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

இதற்குள் ஒரு பையன் என் சைக்கிளை எங்கோ உருட்டிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டி, காற்றடித்துக் கொண்டுவந்துவிட்டான். காசு வாங்கவில்லை. "சார் நம்ம வேலையாத்தான வந்திருக்காரு."

மனு எழுத ஆரம்பித்தார்கள். தாள் என் நோட்டுப் புத்தகத்திலிருந்து, பேனா என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள். பதினேழு கையெழுத்து, ஆறு கைநாட்டு. மனுவை நானே எழுதி, நானே பெற்றுக்கொண்டு, நானே மடித்துப் பையில் வைத்தேன். அங்கிருந்து கீழணை வரைக்கும் நான் தனியாகப் போகவில்லை. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் ஒன்று பாதுகாப்பாக வர, வழி நெடுக "அதிகாரி வர்றாரு, ஆட்ட ஓட்டு, ஆட்ட ஓட்டு" என்று குரல். இப்படி ஒரு வசதி போதன்சேயில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, கொள்ளிடத்தின் குறுக்கே மதகு மதகாக நீண்டு கிடந்தது. மதகுகளினூடே தண்ணீர் இரைந்தது. இதை நிதானமாகப் பார்க்கத்தான் இத்தனை பாடும். பார்க்க முடியவில்லை. அணைக்கரை முனையில் மைத்துனன் வண்டியோடு நின்றிருந்தான், முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள் சூழ நான் வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "என்ன மாமா, எங்கேயாவது எதையாவது மோதிட்டீங்களா?" என்றான். வந்தவர்கள் அவனுக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அந்தக் கரையோரம் ஏதாவது நிலம் வருமா என்று விசாரித்திருக்கலாமே மாமா என்றான். கல்வெட்டைப் பற்றி அவனிடம் நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு மனுவைக் கொண்டுபோய் உரிய அலுவலகத்தில் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். படித்துவிட்டு, "அனுப்புநர்னு ஒரு முகவரி வேணுமே சார்" என்றார். இருபத்து மூன்று பேரில் எனக்கு முழு முகவரி தெரிந்தவன் ஒருவன்தான். எழுதினேன்.

சில வாரம் கழித்துத் தபால் வந்தது. மனைவி பிரித்துப் படித்தாள். தாங்கள் கடைமடை விவசாயிகள் சார்பாக அளித்த மனு பரிசீலனையில் உள்ளதாகவும், புல ஆய்வின்போது மனுதாரர் நேரில் இருக்க வேண்டும் எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.

"புல ஆய்வுன்னா எங்க?" என்றாள்.

"வடவாத்துக் கரைல."

"எப்ப?"

"வர்ற புதன்கிழமை."

மப்ளரை மடித்து என் பைமேல் வைத்துவிட்டு, "சைக்கிள்லதான் போவீங்களோ, இல்ல ஜீப்பு அனுப்பச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.